வரதன் சாமியின் உள்ளங்கால்

போன மாதம் ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த செவிலியர். வயதில் என் மகளைவிடச் சின்னவர்.

"சார், புது ஆப் குடுத்திருக்காங்க. சர்க்கரை, பிரஷர் பேஷண்ட் எல்லாரையும் அதுல ஏத்தணும். கடைசில ஒரு கேள்வி வருது. 'நோயாளிக்குச் சுயபராமரிப்பு கற்பிக்கப்பட்டதா?' ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம். இல்லைன்னு அழுத்தினா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது சார்."

"அப்ப ஆம்னு அழுத்தும்மா."

"அழுத்திட்டேன் சார். ஆனா அவ்வளவு கூட்டத்துல ஒண்ணும் கத்துக்குடுக்கல. நீங்கள்லாம் எப்படி சார் பண்ணீங்க?"

எப்படிப் பண்ணினோம் என்று சொல்லத் தொடங்கினேன். அவருக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. "எழுதிக் குடுங்க சார், எங்க குரூப்ல போடறோம். ஒரு பக்கம் போதும்" என்றார். என்னைத் தெரிந்தவர்கள் எல்லாருமே இந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்துத்தான் பேசுவார்கள். பலன் இருந்ததில்லை.

முதலில் என் தகுதி. நான் மண்ணச்சநல்லூர்க்காரன். அப்பா அரிசி ஆலையில் நெல் அவித்தவர். அப்படிப்பட்டவருக்கு மகனாகப் பிறந்து, "சோத்தைக் குறைங்க" என்று திருச்சி ஜனங்களிடம் முப்பது வருஷம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். அப்பா இருந்தவரை என் வேலையின் விவரத்தை அவரிடம் சொன்னதில்லை. அவரும் ஊரில் "பையன் மெடிக்கல் லைன்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

நர்சிங் படித்த கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. வகுப்பு முழுக்கப் பெண்கள், கடைசி பெஞ்சில் நாங்கள் நாலு பையன்கள். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகினோம். பழகி முடிந்ததும் பழத்தைத் தின்றோம். சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் போகும் சாலையில், ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் சுகாதார நிலையம். நான் போய்ச் சேர்ந்த அன்றே ஒரு சிக்கல். அந்த நாற்காலியில் இருப்பவரை ஊரே 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுப் பழகியிருந்தது. மீசை வைத்த ஒருவன் வந்து உட்கார்ந்ததும் ஜனங்கள் திணறினார்கள். பூக்காரி சரோஜா அக்காதான் வழி கண்டுபிடித்தார்.

"சிஸ்டர் சார், சீட்டு எங்க போடறது?"

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் சிஸ்டர் சார். "நம்ம சிஸ்டர் சாருக்குக் கல்யாணமாம்" என்று வீதியில் பேசிக்கொண்டது பெண் வீட்டார் காதில் விழுந்து, அவர்கள் ஒரு பெரியவரை அனுப்பி என்னை நேரில் பார்த்து வரச் சொன்னார்கள். அவர் என் மீசையைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு காபி சாப்பிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குச் சர்க்கரை நாள். காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைப்பேன். ஒரு மாதத்து மாத்திரை கொடுப்பதற்கு முன் எல்லாரையும் பெஞ்சில் உட்காரவைத்துப் பேசுவேன். என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், ஏன் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. நடுநடுவே நகைச்சுவை உண்டு. அவர்கள் சிரிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள். எங்கள் நிலையத்தில் சர்க்கரை அளவுகள் மற்ற நிலையங்களைவிட நன்றாக இருந்தன. மாதாந்திரக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். என் பேச்சுத்திறமைதான் காரணம் என்று நான் நம்பினேன். வீட்டிலும் சொன்னேன்.

டாக்டர் ஷாஹிதா மாற்றலாகி வரும்வரை அந்த நம்பிக்கை நன்றாக இருந்தது.

அவர் பாலக்கரைக்காரர். சின்ன உருவம். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தால் நாம் எதிலோ மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். அவர் வந்த சில வாரங்களில் ஒரு செவ்வாய்க்கிழமை அரசு விடுமுறையாகிப் போனது. மாத்திரை வாங்க எல்லாரும் மறுநாள் வந்தார்கள். வாசலிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

"இன்னைக்கு டெஸ்ட் கிடையாதுல்ல?"

"இருக்கு" என்றார் டாக்டர்.

வரிசையில் ஒரு சலசலப்பு. நாலைந்து பேருக்குத் திடீரென்று வீட்டில் அடுப்பை அணைக்காதது ஞாபகம் வந்தது. மீதிப் பேருக்கு ஊசி குத்தினேன். ஒருவருக்கு மெஷின் எண்ணே காட்டவில்லை. 'ஹை' என்று எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. அது சரோஜா அக்கா.

"என்னக்கா இது? போன மாசம் நூத்திப்பத்து இருந்துச்சே?"

"அது செவ்வாக்கிழமை சார். செவ்வாக்கிழமைக்கு நான் ஞாயித்துக்கிழமையே சோத்தை நிறுத்திடுவேன். பாவக்காச் சாறு ரெண்டு வேளை. திங்கக்கிழமை கொள்ளிடக்கரை வரைக்கும் நடை. சும்மாவா வரும் நூத்திப்பத்து?"

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?"

"நம்பர் கூடிப்போச்சுன்னா உங்க மூஞ்சி சுருங்கிடுது சார். பாக்கச் சகிக்கல. அவ்வளவு நேரம் தொண்டை வத்தப் பேசறீங்க, அதுக்கு ஒரு மருவாதி வேணாமா?"

பின்னால் நின்றவர்கள் ஆமோதித்துத் தலையை ஆட்டினார்கள். நான் வருஷக்கணக்காகப் பார்த்துப் பூரித்த அதே தலையாட்டல்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

கூட்டம் போன பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டார். "நீங்க எவ்வளவு நேரம் பேசறீங்க?"

"அரை மணி மேடம். சில நாள் கூடவும் ஆகும்."

"அவங்க எவ்வளவு நேரம் பேசறாங்க?"

யோசித்தேன். "ஆமாம்னு சொல்லுவாங்க மேடம்."

அவர் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே கிராம்பு. "உங்களுக்கு ஒத்துக்கும்ல? நாளையிலேர்ந்து லெக்சர் வேண்டாம். ஒவ்வொருத்தரா உக்காரவெச்சு, அவங்க நிலைமையைச் சுருக்கமாச் சொல்லுங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி. 'இதுல உங்களுக்கு எது முடியும்?' கேட்டுட்டு இதை வாயில போட்டுக்கோங்க. காரம் அடங்கற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

இதைப் படிக்கும் இளைய செவிலியர்கள் சிரிக்கலாம். ஒரு மனிதரிடம் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் கஷ்டமான சிகிச்சை முறை நான் பார்த்ததில்லை. எனக்கு அது ரத்தம் எடுப்பதைவிடச் சிரமம். முதல் வாரம் எல்லாரும் என்னிடம் "பல்வலியா சிஸ்டர் சார்?" என்று விசாரித்தார்கள். ஒருவர் பல் டாக்டர் விலாசம் எழுதிக் கொடுத்தார். பிறகு, நான் பேசப்போவதில்லை என்று தெரிந்ததும், அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், பிரஷர் மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வருகிறது, சவாரி நேரத்தில் ஒதுங்க முடியாது, அதனால் பகலில் போடுவதே இல்லை என்றார். சரோஜா அக்கா நீண்ட நேரம் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி சோறு என்னால விட முடியாது சார். விட்டா தூக்கம் வராது. பூ கட்டறப்ப குடிக்கிற டீயில சர்க்கரையை வேணா விட்டுப் பாக்கறேன்." அதை விட்டார். மூன்று மாதத்தில் மெஷின் அவருக்கு மறுபடி எண் காட்ட ஆரம்பித்தது, எந்தக் கிழமையில் வந்தாலும்.

மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் அளவுகள் ஏன் மோசமாகிவிட்டன என்று கேட்டார்கள். எழுந்து நின்றேன். கைதட்டல் இல்லை. "இப்பதான் சார் நிஜ நம்பர் வருது" என்றேன். உட்காரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் என் மனைவி கிராம்பு வாசனையை மோந்துவிட்டு, தினமும் எங்கே பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள்.

இனி, போனில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் வரதன் சாமிதான்.

வரதன் சாமி ஸ்ரீபாதம்தாங்கி. பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது பல்லக்கையும் வாகனத்தையும் தோளில் தாங்கிப் போகிறவர்கள் அவர்கள். தண்டு தோளில், பாதம் தரையில். செருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. சிங்கம்போல ஒரு நடை, பாம்புபோல ஒரு நடை என்று வகைவகையாக உண்டு. அத்தனை பேரும் ஒரே ஆளின் கால்களைப்போல நடந்தால்தான் மேலே பெருமாள் அலுங்காமல் வருவார். வரதன் சாமியின் அப்பாவும் அதே தண்டில் அதே இடத்தில் தோள் கொடுத்தவர்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த நோயாளி. எது சொன்னாலும் "பேஷாச் செய்யறேன்" என்பார். கால் பரிசோதனையில் அவரைப்போல ஒத்துழைத்தவர் கிடையாது. அந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பிடியில் மீன்பிடி நரம்பு மாதிரி நைலான் இழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, உள்ளங்காலில் அங்கங்கே அந்த இழையை லேசாக வளையும் வரை அழுத்த வேண்டும். தொட்டது தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். சர்க்கரை நரம்பைத் தின்ன ஆரம்பித்தால் இந்த உணர்ச்சிதான் முதலில் போகும். உணர்ச்சி போன காலில் புண் வந்தால் வலிக்காது. வலிக்காத புண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்காத புண் அழுகினால் காலை எடுப்பார்கள். அதனால்தான் ஒரு நைலான் இழைக்கு இவ்வளவு மரியாதை.

நான் குனிந்து தொடுவேன். "தெரியுதா சாமி?"

"தெரியறது."

"இப்ப?"

"பேஷாத் தெரியறது."

ஒவ்வொரு முறையும் அவர் கால் முதல் வகுப்பில் தேறியது.

பங்குனி உற்சவத்தில் பெருமாள் ஜீயபுரம் வரை போய் வருவார். ஆற்றங்கரை வழியாக, தோளில்தான். அந்த வருஷம் அது முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை வரதன் சாமி வந்தார். கூடவே அவர் மனைவி கோமளா மாமியும். மாமி அநேகமாக வரமாட்டார். அன்று கோயிலுக்குப் போகிற வழியில் வந்திருந்தார். விரலில் குத்தி முடித்து நிமிர்ந்தபோது, சாமியின் நாற்காலிக்குக் கீழே தரையில் ஒரு சிவப்புத் தீற்றலைப் பார்த்தேன்.

"சாமி, காலைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினார். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் கருவேல முள்ளின் கறுத்த முனை. சுற்றிலும் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

"முள்ளு ஏறியிருக்கே சாமி!"

குனிந்து பார்க்க முயன்றார். தொந்தி குறுக்கே நின்றது. "அப்படியா? எந்தக் கால்ல?" என்றார்.

முள் தைத்த மனிதரே எந்தக் கால் என்று கேட்டதும், கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன். மாமி குனிந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு மூணு நாளாவே எங்காத்துல தரையெல்லாம் பொட்டுப் பொட்டாச் செவப்பா இருந்தது டாக்டர். உற்சவ சமயம், வீதி பூராக் கோலம், எல்லாக் கோலத்துக்கும் காவி. அது கால்ல ஒட்டிண்டு வரதுன்னு நெனச்சு நான் தொடைச்சுண்டே இருந்தேன்."

டாக்டர் ஷாஹிதா தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து காலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அந்தக் கை என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். இழையைக் கொடுத்தேன்.

"வரதன் சார், கண்ணை மூடிக்கோங்க. தொடும்போது சொல்லுங்க. இப்பத் தெரியுதா?"

"தெரியறது."

இழை அவர் காலிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காற்றில் இருந்தது.

"இப்ப?"

"தெரியறது."

டாக்டர் இழையை மேஜைமேல் வைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப?"

"பேஷாத் தெரியறது."

நான் தரையைப் பார்த்தேன். எத்தனை மாதமாக நானும் அவரும் இந்தக் கச்சேரியை நடத்திக்கொண்டிருந்தோம்! நான் கேட்க, அவர் சொல்ல. பாவம், அந்த இழைக்கு இதில் எந்த வேலையும் இருந்ததில்லை.

"கண்ணைத் திறங்க சார்" என்றார் டாக்டர். சாமி திறந்து, மேஜைமேல் கிடந்த இழையைப் பார்த்தார். "நான் தொடவே இல்லையே. ஏன் தெரியுதுன்னு சொன்னீங்க?"

சாமி சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர் சார் மாசா மாசம் அவ்வளவு சிரத்தையாக் குனிஞ்சு தொட்டுண்டிருக்கார். என் காலைத் தொடறார் ஒரு மனுஷர். தெரியலைன்னு சொன்னா அவர் மனசு சங்கடப்படாதா?"

"எவ்வளவு நாளாத் தெரியல?"

"போன வருஷமே ஜீயபுரம் போறச்சே எல்லாரும் மணல் சுடறது, சுடறதுன்னா. எனக்குச் சுடலை. பெருமாள் கிருபைன்னு நெனச்சுண்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "மத்தவாள்ட்டப் பெருமையாச் சொல்லவும் சொன்னேன்" என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முள்ளை எடுத்து, கிழித்து, சீழை வெளியேற்றினார்கள். சீழ் எலும்பைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொட்டிருக்கும் என்றார் அறுவை டாக்டர். இன்சுலின் ஆரம்பித்தார்கள். புண் மூடும்வரை அந்தக் கால் தரையில் பாரம் தாங்கக் கூடாது என்றும், தாங்கினால் இன்று புண்ணோடு நிற்பது நாளை முழங்காலோடு போகும் என்றும் எச்சரித்துத் திருப்பி அனுப்பினார்கள். சாமி அதற்கும் "பேஷா" என்றார்.

ஆனால் சித்திரைத் திருவிழா வந்துகொண்டிருந்தது. தினமும் இரண்டு வேளை புறப்பாடு. சாமியின் வீடு இருக்கும் சித்திரை வீதிகளிலேயே.

தெரிந்தவர் ஆட்டோவில் அவரை மாமி எங்கள் நிலையத்துக்கு அழைத்து வந்தார். டாக்டர், சாமி, மாமி, நான் என நாலு பேர் அந்தச் சின்ன அறையில். சாமி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சித்திரைக்குள் ஆறிவிடுமா?

"ஆறாது" என்றார் டாக்டர். "பாரம் குடுத்தீங்கன்னா ஆறவே ஆறாது. காலை எடுக்கற நிலைமை வரலாம். இது எனக்குத் தெரிஞ்சது. சித்திரைக்கு என்ன பண்ணணும்ங்கறது எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். இதுல உங்களுக்கு எது முடியும்?"

நான் கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன். இந்த முறை யாரும் சொல்லாமலே இரண்டு போட்டேன். இல்லையென்றால், "சாமி, சித்திரையாவது ஒண்ணாவது, கால் முக்கியமில்லையா?" என்று தொடங்கியிருப்பேன். அவர் "பேஷா" என்றிருப்பார். முதல் நாள் புறப்பாட்டிலேயே போய்த் தண்டுக்குக் கீழே நின்றிருப்பார்.

"டாக்டர் எப்படிச் சொல்றேளோ அப்படியே நடந்துக்கறேன்" என்றார் சாமி.

மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு குழந்தை தடுப்பூசிக்கு அழுது முடித்தது.

"ஏன்னா" என்றார் மாமி, "டாக்டர் கேட்டது அது இல்லை."

சாமி தன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னால முடியாது" என்றார். "தோள் கொடுக்காம ஒரு சித்திரையை என்னால பார்க்க முடியாது."

இத்தனை வருஷத்தில் அவர் எங்களிடம் சொன்ன முதல் 'முடியாது'. டாக்டரின் முகம் சற்றே மலர்ந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு, இந்தம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்பதுபோல என்னைப் பார்த்தார். என் வாயில் கிராம்பு.

"சரி சார். சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அப்போதுதான் சாமி பேசினார். அப்பாவைப் பற்றி, தண்டில் தன் இடத்தைப் பற்றி. பிறகு, கேட்காமலே, ஜீயபுரத்திலிருந்து திரும்பிய வழியைப் பற்றி. "ஒரு இடத்துல இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. என் பக்கம். எல்லாரும் கல்லு தடுக்கித்துன்னு நெனச்சா. நானும் கல்லுன்னே சொன்னேன்." குரல் இறங்கியது. "கல்லு இல்லை டாக்டர். கால் தரையில பட்டுதா படலையான்னு எனக்குத் தெரியலை. பட்டுடுத்துன்னு நெனச்சு அடுத்த அடி வெச்சேன்."



"அன்னிக்கு மத்தவா சுதாரிச்சுண்டா. இன்னொரு நாள் சுதாரிக்கலைன்னா? மேல யாரு இருக்கா?" அவரே தலையை ஆட்டிக்கொண்டார். இந்த ஆட்டல் வேறு மாதிரி இருந்தது. "இந்தச் சித்திரைக்கு நான் தோள் கொடுக்கலை. என் எடத்துல மருமான் நிக்கட்டும். நானே எங்க ஸ்ரீபாதம்தாங்கி கோஷ்டியில சொல்லிடறேன்."

காலுக்காக என்று அவர் சொல்லவே இல்லை. டாக்டரும் அதைத் திருத்தவில்லை. "அப்ப வீட்ல என்னென்ன பண்ணலாம்னு பேசலாமா?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வீட்டு வேலை. இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளச் சாமி கற்றுக்கொண்டார். ஆரஞ்சுப் பழம் கொண்டுபோயிருந்தேன். முதல் நாளே நேராக வயிற்றில் போட்டுவிட்டார். பழத்தை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். கட்டு மாற்றும் வேலை மாமியுடையது. தினமும் காலையில் சாமி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். மாமி முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் பிடித்து, ஓர் அங்குலம் விடாமல் பார்ப்பார். அந்தக் கண்ணாடியில் சாமியும் பார்க்க வேண்டும். "இத்தனை வருஷமா இந்தக் காலைத் தொட்டு சேவிச்சிண்டு வரேன் சார்" என்றார் மாமி என்னிடம். "ஒரு நாளாவது அடியில என்ன இருக்குன்னு பார்த்தேனா?"

வாரத்தில் ஓரிரு நாள் என் மொபெட்டில் போய்ப் பார்த்து வருவேன். ஒரு நாள் சாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பெருமாள் பிரசாதத்துல சர்க்கரை ஏறாது, இல்லையா சார்?" என்றார். சட்டைப் பையிலிருந்து கிராம்பை எடுத்தேன். அவர் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏறும்போலிருக்கு" என்று பெருமூச்சுவிட்டார். அதற்குப் பிறகு அக்காரவடிசலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வாய், மீதி பக்கத்தாத்துக் குழந்தைகளுக்கு.

அந்தக் கால் இன்றும் அவரிடம் இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் செவிலியர்களில் பலருக்குப் பிரஷர் உண்டு. போன உணர்ச்சி திரும்பவில்லை. அவரும் தண்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் அந்தச் சித்திரையில் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. புண் பாதிதான் மூடியிருந்தது. உற்சவம் நெருங்க நெருங்கச் சாமி பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வாசலில் பெருமாள் வந்து நிற்கும்போது என்ன செய்வாரோ என்று மாமிக்குப் பயம். என்னிடம் சொன்னார். எனக்கும் பயம் வந்துவிட்டது.

அதனால் முதல் நாள் புறப்பாட்டன்று காலை லீவு போட்டுவிட்டுப் போனேன். வீதி முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாமி உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலி, அதன்மேல் தலையணை, அதன்மேல் கால். பெருமாள் வரும் திசைக்குக் கால் நீட்டக் கூடாது என்று நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டு, கடைசியில் உள்ளங்கால் பக்கத்து வீட்டைப் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரருக்கும் இவர்களுக்கும் சாக்கடைத் தகராறு இருந்தது. வேறு வழியில்லை என்றார் மாமி.

நாகஸ்வரம் கேட்டது. வீதியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். பல்லக்கு திருப்பத்தில் தெரிந்ததும் சாமியின் இரண்டு கையும் நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்தன.

"ஏன்னா, உக்காந்துண்டே சேவிக்கலாம்" என்றார் மாமி. "பெருமாள் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்."

"அவர் நெனச்சுக்க மாட்டார். என்னால முடியாது." சாமி என் பக்கம் திரும்பினார். "சார், அந்தக் கால் தரையில படப்படாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சாமி."

"அப்போ இங்க வாங்கோ."

போனேன். முக்காலியிலிருந்து காலை இறக்காமல் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் எழுந்து, தன் பாரம் முழுவதையும் என் தோளில் சாய்த்தார். வாழ்நாள் பூராவும் பாரம் தாங்கிய உடம்பு என்ன கனம் கனக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பல்லக்கு நேராக வந்து எங்கள் முன்னால் நின்றது. தண்டில் சாமியின் இடத்தில் அவர் மருமான், வியர்வை வழிய, நேராகப் பார்த்தபடி. சாமி என் பிடியை விட்டு இரண்டு கையையும் கூப்பினார். கட்டுப்போட்ட கால் கோலத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. வீதி முழுக்கப் பெருமாளைப் பார்த்தது. நானும் மாமியும் காலைப் பார்த்தோம்.

பல்லக்கு நகர்ந்தது. மறையும்வரை சாமி அப்படியே நின்றார். நான் அவரை மெல்ல நாற்காலியில் இறக்கினேன். கால் மறுபடி தலையணைக்குப் போனது. மாமி கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்தார். கட்டு காய்ந்து வெள்ளையாக இருந்தது. "படலை" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அப்புறம் உள்ளே போனார். காபி கொண்டுவரத்தான் போனார் என்று நினைக்கிறேன். வெகுநேரம் வரவில்லை.

நான் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தலை முதல் கால்வரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார்.

"பலம் இருக்கு சார் உங்களுக்கு" என்றார். "ஆனா உயரம் பத்தாது. எங்க கோஷ்டியில எடுத்துக்க மாட்டா."